நம் உடலில் உள்ள மரபணு யாருக்குச் சொந்தம்?

ஒருவர் புதிதாக ஒரு இயந்திரத்தை உருவாக்கினால், அவருடைய அனுமதியின்றி மற்றவர்கள் அதைச் செய்து விற்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. இதில் யாருக்கும் பெரிய மறுப்பு இல்லை. ஆனால் நாம் பிறக்கும்போதே நம் உடலில் இருக்கும் ஒரு மரபணுவை ஆய்வகத்தில் அடையாளம் கண்ட நிறுவனம், "இது எங்களுக்குச் சொந்தம். எங்களைத் தவிர வேறு யாரும் இதைப் பரிசோதிக்கக் கூடாது" என்று சொன்னால் என்ன செய்வது?

இது கற்பனைக் கேள்வி அல்ல. 2013 வரை அமெரிக்காவில் இதுவே நடைமுறையாக இருந்தது. மனித மரபணுக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 23,688 மரபணுக்களில் 4,382, அமெரிக்கக் காப்புரிமைகளுக்குள் வந்துவிட்டதாக 2005-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அவற்றில் இரண்டு மரபணுக்கள் தொடர்பான வழக்குதான் நிலைமையை மாற்றியது. அந்த வழக்கு எதைத் தீர்த்து வைத்தது, எதைத் தீர்க்காமல் விட்டது என்பதை இங்கே பார்ப்போம்.

காப்புரிமை எதற்காக?

காப்புரிமை என்பது அரசுக்கும் கண்டுபிடிப்பாளருக்கும் இடையிலான ஓர் ஒப்பந்தம். கண்டுபிடிப்பாளர் தன் கண்டுபிடிப்பின் விவரங்களை மறைக்காமல் உலகுக்கு வெளியிட வேண்டும். அதற்குப் பதிலாக, பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு, அதை வேறு யாரும் செய்யவோ விற்கவோ கூடாது என்று தடுக்கும் உரிமையை அரசு அவருக்கு அளிக்கிறது. உழைப்புக்கும் முதலீட்டுக்கும் பலன் கிடைக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. இயற்கையில் ஏற்கெனவே இருப்பதற்குக் காப்புரிமை கிடையாது. புவியீர்ப்பு விசையைக் கண்டறிந்தவர் அதற்கு உரிமை கோர முடியாது. மலையில் புதிய கனிமம் ஒன்றைக் கண்டவரும் அந்தக் கனிம வகையே தன்னுடையது என்று சொல்ல முடியாது.

அப்படியானால் மரபணுவுக்கு மட்டும் எப்படிக் காப்புரிமை கொடுத்தார்கள்? இரண்டு பழைய தீர்ப்புகள் அதற்கு வழி திறந்தன. 1911-ல், உடல் சுரப்பியிலிருந்து பிரித்துத் தூய்மைப்படுத்தப்பட்ட அட்ரினலினுக்கான காப்புரிமையை நியூயார்க் நீதிமன்றம் ஒன்று ஏற்றுக்கொண்டது. இயற்கையிலிருந்து பிரித்தெடுத்துத் தூய்மையாக்கினால் அது புதிய பொருளே என்ற எண்ணம் அதிலிருந்து வலுப்பெற்றது. அடுத்தது 1980-ல் வந்தது. மேற்கு வங்காளத்தில் பிறந்த விஞ்ஞானி ஆனந்த மோகன் சக்ரவர்த்தி, கச்சா எண்ணெயைச் சிதைக்கக்கூடிய பாக்டீரியா ஒன்றை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றியபோது உருவாக்கியிருந்தார். மனிதன் மாற்றியமைத்த உயிருக்குக் காப்புரிமை தரலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

சக்ரவர்த்தியின் பாக்டீரியா இயற்கையில் இல்லாதது. அதை அவர்தான் அப்படி ஆக்கினார். ஆனால் மரபணு விஷயத்தில் காப்புரிமை அலுவலகம் இதைத் தாண்டிச் சென்றது. உடலில் உள்ளபடி மரபணுவுக்கு உரிமை இல்லை, வெளியே 'பிரித்தெடுக்கப்பட்ட' மரபணுவுக்கு உரிமை உண்டு என்று அது ஆயிரக்கணக்கான காப்புரிமைகளை வழங்கியது. கேட்பதற்குச் சிறிய வேறுபாடு போலத் தெரியும். ஆனால் ஒரு மரபணுவைப் பரிசோதிக்க வேண்டுமென்றால் அதைப் பிரித்தெடுத்துத்தான் ஆக வேண்டும். எனவே நடைமுறையில், பிரித்தெடுத்த மரபணுவுக்கு உரிமை பெற்றவர் அந்த மரபணுவைப் பற்றிய பரிசோதனை முழுவதையும் தன் கைக்குள் வைத்துக்கொள்ள முடிந்தது.

இரண்டு மரபணுக்கள், ஒரு நிறுவனம்

சில குடும்பங்களில் பாட்டி, தாய், மகள் என்று தலைமுறை தலைமுறையாக மார்பகப் புற்றுநோய் வருவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கவனித்து வந்தார்கள். 1990-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த மேரி கிளேர் கிங் என்ற ஆய்வாளர், இதற்குக் காரணமான மரபணு ஒன்று 17-ஆம் குரோமோசோமில் இருப்பதை நிறுவினார். அதன் சரியான இடத்தைக் கண்டுபிடிக்கப் பல நாட்டு ஆய்வுக் குழுக்கள் போட்டியிட்டன. 1994-ல் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் ஸ்கோல்னிக் தலைமையிலான குழு அதைக் கண்டறிந்தது. அவர் 1991-ல் இணைந்து தொடங்கிய நிறுவனம்தான் மிரியட் ஜெனடிக்ஸ். அந்த மரபணுவுக்கு பிஆர்சிஏ-1 என்று பெயர். விரைவிலேயே 13-ஆம் குரோமோசோமில் உள்ள பிஆர்சிஏ-2 என்ற மரபணுவும் கண்டறியப்பட்டது.

இந்த இரண்டு மரபணுக்களும் எல்லோரிடமும் உள்ளன. சேதமடைந்த டி.என்.ஏ.வைச் சீர்செய்து புற்றுநோயைத் தடுப்பதே அவற்றின் வேலை. அவற்றில் கேடான மாற்றம் ஏற்பட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு குறைந்துவிடும். பொதுவாக 100 பெண்களில் சுமார் 13 பேருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருவதாக அமெரிக்கக் கணக்கு கூறுகிறது. இந்தக் கேடான மாற்றம் உள்ளவர்களிலோ 100-க்கு 60 பேருக்கு மேல் வருகிறது. சினைப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் பல மடங்கு கூடுகிறது. இது உம்மா வழியில் மட்டுமே வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வாப்பா வழியிலும் வரும். பெற்றோரில் ஒருவருக்கு இம்மாற்றம் இருந்தால், மகனோ மகளோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி.

ஆகவே இந்தப் பரிசோதனை ஒரு தனி மனிதருக்கு மட்டும் உரியதல்ல. ஒருவரின் முடிவு சகோதரிகள், பிள்ளைகள், சித்தப்பா பெரியப்பா குடும்பங்கள் வரை எல்லோரையும் தொடுகிறது. முன்கூட்டியே தெரிந்தால் தொடர் கண்காணிப்பு, மருந்து, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை என்று வழிகள் உள்ளன. தெரியாமல் போனால் நோய் முற்றிய பிறகே தெரியவரக்கூடும்.

மிரியட் நிறுவனம் இரு மரபணுக்களுக்கும் காப்புரிமைகளைப் பெற்றது. முழு மரபணுவுக்கு மட்டுமல்ல, பிஆர்சிஏ-1 டி.என்.ஏ.வில் வரும் குறைந்தது 15 எழுத்துகள் கொண்ட எந்தத் துண்டுக்கும் உரிமை கோரும் அளவுக்கு அந்தக் காப்புரிமைகள் விரிந்திருந்தன. பரிசோதனை செய்துவந்த மற்ற ஆய்வகங்களுக்கு நிறுத்தும்படி கடிதங்கள் போயின. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வகமும் அப்படி நிறுத்திய ஒன்று. விரைவில் அமெரிக்காவில் இந்த மரபணுக்களை முழுமையாகப் பரிசோதித்து நோயாளிக்கு முடிவைத் தரும் ஒரே இடமாக மிரியட் ஆனது.

நோயாளிகள் பட்ட பாடு

ஒரே இடம் என்றால் விலையும் அவர்கள் வைத்ததுதான். பரிசோதனைக் கட்டணம் 3,000 டாலருக்கு மேல் இருந்தது. வழக்குத் தொடர்ந்தவர்களில் ஒரு பெண், இரண்டு மார்பகங்களிலும் புற்றுநோய் கண்ட தாய். அவரிடம் இருந்த அரசு மருத்துவக் காப்பீட்டை அந்த நிறுவனம் ஏற்கவில்லை. சினைப்பையையும் அகற்ற வேண்டுமா என்று முடிவெடுக்க அவருக்கு அந்தப் பரிசோதனை தேவைப்பட்டது, ஆனால் கையில் பணம் இல்லை. இன்னொரு பெண்ணுக்குக் கேடான மாற்றம் இருப்பதாக முடிவு வந்தது. உறுப்பை அகற்றும் முன் வேறொரு ஆய்வகத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள விரும்பினார். அதைச் செய்யச் சட்டப்படி வேறு ஆய்வகமே இல்லை.

நாம் ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனைக்கே சந்தேகம் வந்தால் வேறு இடத்தில் கொடுத்துப் பார்க்கிறோம். உடல் உறுப்பை இழக்கும் முடிவுக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போனதை எண்ணிப் பாருங்கள்.

பரிசோதனையின் தரத்திலும் கேள்வி எழுந்தது. மேரி கிளேர் கிங்கின் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், நோய்ப் பின்னணி வலுவாக இருந்தும் 'மாற்றம் எதுவும் இல்லை' என்று வணிகப் பரிசோதனையில் முடிவு பெற்ற 300 குடும்பங்களை மீண்டும் ஆராய்ந்தது. அவற்றில் 12 விழுக்காட்டுக் குடும்பங்களில், அந்தப் பரிசோதனையின் கண்ணில் படாத பெரிய மரபணு மாற்றங்கள் இருந்தன. அதன் பிறகே நிறுவனம் அவற்றைக் கண்டறியும் கூடுதல் பரிசோதனையைக் கொண்டுவந்தது. அதற்கும் பலரிடம் தனிக் கட்டணம் வாங்கப்பட்டது. போட்டிக்கு வேறு ஆய்வகங்கள் இருந்திருந்தால் இந்தக் குறை முன்பே வெளிப்பட்டிருக்கும் என்பதே மருத்துவர்களின் ஆதங்கம்.

நீதிமன்றத்தில் நான்கு ஆண்டுகள்

2009 மே மாதம், அமெரிக்கக் குடியுரிமைகள் சங்கமும் பொதுக் காப்புரிமை அறக்கட்டளையும் சேர்ந்து வழக்குத் தொடுத்தன. மூலக்கூறு நோயியல் வல்லுநர்களின் சங்கம் முதல் மனுதாரர். ஆய்வாளர்களும் நோயாளிப் பெண்களும் உடன் சேர்ந்தார்கள்.

நிறுவனத்தின் வாதத்தையும் நியாயமாகக் கேட்க வேண்டும். மரபணுவைத் தேடுவதற்குப் பல ஆண்டு உழைப்பும் பெரும் பணமும் ஆகும். காப்புரிமை இல்லையென்றால் முதலீடு செய்ய யார் முன்வருவார்கள்? மேலும் உடலில் மரபணு நீண்ட குரோமோசோமோடு வேதிப் பிணைப்புகளால் இணைந்திருக்கிறது. அந்தப் பிணைப்பைத் துண்டித்து எடுத்தது வேதியியல்படி வேறொரு மூலக்கூறு, எனவே அது மனிதன் செய்த பொருள் என்றார்கள்.

எதிர்த்தரப்பின் பதில் எளிமையானது. மரபணுவின் மதிப்பு அதன் வேதிப் பிணைப்பில் இல்லை, அதில் எழுதப்பட்டுள்ள தகவலில் இருக்கிறது. அந்தத் தகவல் உடலுக்குள் இருந்தாலும் வெளியே எடுத்தாலும் ஒன்றுதான். அதை எழுதியது நிறுவனம் அல்ல.

நமக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டு இதை விளங்கிக்கொள்ளலாம். மன்னார் வளைகுடாவில் கீழக்கரை போன்ற ஊர்களின் முன்னோர் மூச்சடக்கி முத்துக் குளித்தார்கள். உயிரைப் பணயம் வைத்து எடுத்த முத்துக்கு அவர்களுக்குப் பலன் கிடைத்தது. ஆனால் முதலில் முத்தைக் கண்டவர், "இனி எந்தச் சிப்பியில் முத்து இருந்தாலும் அது என்னுடையது, என்னைக் கேட்காமல் யாரும் சிப்பியைத் திறக்கக் கூடாது" என்று சொன்னால் ஊர் ஏற்குமா? உழைப்புக்குக் கூலி உண்டு என்பதும், உழைத்ததனால் கடலே சொந்தமாகிவிடும் என்பதும் ஒன்றல்ல.

2010 மார்ச்சில் நியூயார்க் மாவட்ட நீதிபதி ராபர்ட் ஸ்வீட் காப்புரிமைகள் செல்லாது என்று தீர்ப்பளித்து எல்லோரையும் வியக்க வைத்தார். அதே ஆண்டு இறுதியில் அமெரிக்க நீதித்துறையே, தன் அரசின் காப்புரிமை அலுவலகம் பின்பற்றிவந்த நடைமுறைக்கு மாறாக, வெறுமனே பிரித்தெடுத்த மரபணுவுக்குக் காப்புரிமை கூடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்து மூலம் கூறியது. ஆனாலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011-லும், உச்ச நீதிமன்றம் மறுபடி ஆராயச் சொன்ன பிறகு 2012-லும், 2-க்கு 1 என்ற கணக்கில் பிரித்தெடுத்த மரபணு விஷயத்தில் நிறுவனத்தின் பக்கமே நின்றது.

2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. அடுத்த மாதம் நடிகை ஏஞ்சலினா ஜோலி, தனக்கு பிஆர்சிஏ-1 மரபணுவில் கேடான மாற்றம் இருப்பதையும், முன்னெச்சரிக்கையாக மார்பக அறுவை சிகிச்சை செய்துகொண்டதையும் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் எழுதினார். 3,000 டாலருக்கு மேலான பரிசோதனைக் கட்டணம் பல பெண்களுக்குத் தடையாக இருப்பதையும் அதில் குறிப்பிட்டார். சட்ட வட்டாரத்துக்குள் இருந்த விவாதம் வீடுகளுக்குள் வந்தது.

தீர்ப்பு சொன்னது என்ன?

2013 ஜூன் 13 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். அதில் இரண்டு பகுதிகள் உண்டு.

முதலாவது, இயற்கையில் உள்ள டி.என்.ஏ.வைச் சுற்றியுள்ளவற்றிலிருந்து பிரித்தெடுத்தது மட்டும் கண்டுபிடிப்பு ஆகாது. மிரியட் முக்கியமான ஒன்றை அறிந்து சொன்னது உண்மை. ஆனால் அது எதையும் புதிதாகப் படைக்கவில்லை. கண்டறிதல் எவ்வளவு பெரிதானாலும், கடின உழைப்பு எவ்வளவு இருந்தாலும், அது மட்டுமே காப்புரிமைக்குப் போதாது.

இரண்டாவது, சி.டி.என்.ஏ. எனப்படும் வகைக்குக் காப்புரிமை தரலாம். நம் மரபணுவில் புரதம் செய்வதற்கான குறிப்புகளுக்கு இடையிடையே அதற்குப் பயன்படாத நீண்ட பகுதிகளும் உண்டு. பிஆர்சிஏ-1 மரபணு முழுவதும் சுமார் 80,000 எழுத்துகள் என்றால், குறிப்பாக உள்ள பகுதி சுமார் 5,500 எழுத்துகள்தான். இடைப்பகுதிகளை நீக்கிக் குறிப்புகளை மட்டும் சேர்த்து ஆய்வகத்தில் அமைப்பதே சி.டி.என்.ஏ. அந்த வடிவம் பொதுவாக இயற்கையில் காணப்படுவதில்லை, ஆய்வாளர் உருவாக்குவது என்று நீதிமன்றம் கருதியது. அதிலுள்ள தகவலும் இயற்கை தந்ததுதானே என்று இந்தப் பகுதியை விமர்சிப்பவர்களும் உண்டு.

பலன் உடனே தெரிந்தது. தீர்ப்பு வந்த அன்றே வேறு சில ஆய்வகங்கள் பிஆர்சிஏ பரிசோதனையைத் தொடங்குவதாக அறிவித்தன. ஒரு நிறுவனம் 995 டாலருக்குத் தருவதாகச் சொன்னது. 2015-ல் இன்னொரு நிறுவனம் 249 டாலருக்கே கொண்டுவந்தது. மிரியட் மீதமிருந்த காப்புரிமைகளை வைத்துப் போட்டி நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டது. 2014 டிசம்பரில் அதிலும் தோற்று, அடுத்த மாதம் சமரசத்துக்கு வந்தது.

மற்ற நாடுகளில்

ஆஸ்திரேலியாவில் புற்றுநோயிலிருந்து மீண்ட இவோன் டார்சி என்ற பெண்மணி அதே நிறுவனத்துக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தார். கீழ் நீதிமன்றங்களில் இருமுறை தோற்றார். 2015 அக்டோபரில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஒருமனதாக அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதை வேறு. 1998-ல் கொண்டுவந்த விதிப்படி உடலில் உள்ளபடியான மரபணுவுக்கு உரிமை இல்லை. ஆனால் பிரித்தெடுத்து அதன் பயன்பாட்டையும் காட்டினால் காப்புரிமை பெறலாம்.

இந்தியாவில் 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 3-ஆம் பிரிவில், இயற்கையில் உள்ள உயிருள்ள அல்லது உயிரற்ற பொருளைக் கண்டறிவது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது. இயற்கையிலிருந்து நேரடியாகப் பிரித்தெடுத்த மரபணுத் தொடர்களுக்குக் காப்புரிமை இல்லை என்பதை 2013-ல் காப்புரிமை அலுவலகம் வெளியிட்ட உயிரித் தொழில்நுட்ப வழிகாட்டுதல்களும் தெளிவாக்கின. பிரித்தெடுக்கும் புதிய முறைக்கு மட்டும் வாய்ப்பு உண்டு.

அமெரிக்காவிலும் விவாதம் முடிந்துவிடவில்லை. 2023-ல் செனட்டர்கள் தாம் டில்லிஸும் கிறிஸ் கூன்ஸும் கொண்டுவந்த மசோதா, உடலில் உள்ளபடியான மரபணுவுக்குக் காப்புரிமை இல்லை என்று சொல்லிவிட்டு, பிரித்தெடுத்தாலோ தூய்மைப்படுத்தினாலோ அது அந்தத் தடைக்குள் வராது என்றது. அதாவது பழைய வாதம் மீண்டும் வந்தது. 2025-லும் அந்த மசோதா மறுபடி கொண்டுவரப்பட்டது.

மரபணு விடுபட்டது, தகவல் விடுபட்டதா?

இந்த வழக்கில் பலர் கவனிக்காத பக்கம் ஒன்று உண்டு. மிரியட் ஒரே பரிசோதகராக இருந்த ஆண்டுகளில் ஏராளமான பெண்களின் முடிவுகள் அதனிடம் குவிந்தன. ஒரு மரபணு மாற்றம் ஆபத்தானதா, சாதாரணமானதா என்பதை அப்படிப்பட்ட பெரிய தொகுப்பை வைத்துத்தான் சரியாகச் சொல்ல முடியும். 2004-ல் அந்த நிறுவனம் பொதுத் தரவுத்தளத்துக்குத் தகவல் தருவதை நிறுத்திவிட்டது. காப்புரிமைக்காவது காலக்கெடு உண்டு, விவரத்தை வெளியிட வேண்டிய கடமையும் உண்டு. வணிக ரகசியத்துக்கு இரண்டுமே இல்லை.

நோயாளியின் உடலிலிருந்து கிடைத்ததன் பலன் யாருக்கு என்ற கேள்வியும் பழையதே. ஜான் மூர் என்பவருக்கு 1976-ல் ரத்தப் புற்றுநோய் சிகிச்சைக்காக மண்ணீரல் அகற்றப்பட்டது. அதன் செல்களிலிருந்து மருத்துவர் உருவாக்கிய செல் வரிசைக்கு 1984-ல் காப்புரிமை கிடைத்தது. மூர் வழக்குத் தொடர்ந்தார். அகற்றிய செல்கள் மீது அவருக்குச் சொத்துரிமை இல்லை, ஆனால் தன் வணிக நோக்கத்தை மருத்துவர் அவரிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று 1990-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2025 மார்ச்சில் '23 அண்ட் மீ' என்ற நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. சுமார் 1.5 கோடிப் பேர் எச்சில் மாதிரி அனுப்பித் தங்கள் மரபணு விவரத்தை அதனிடம் கொடுத்திருந்தார்கள். அந்த விவரங்கள் யார் கைக்குப் போகும் என்று பெரும் கவலை எழுந்தது. கடைசியில் அதன் நிறுவனரே தொடங்கிய லாப நோக்கற்ற அமைப்பு 30.5 கோடி டாலருக்கு வாங்கியது.

நாம் செய்ய வேண்டியது

நம் ஊர் மருத்துவமனைகளிலும் மரபணுப் பரிசோதனை இப்போது வழக்கமாகி வருகிறது. குடும்பத்தில் இளம் வயதில் மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய், அல்லது பலருக்கு இந்நோய்கள் வந்திருந்தால், அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாப்பா வழி உறவுகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். திருமணப் பேச்சு கெட்டுவிடும் என்று மூடி வைப்பதால் பாதிக்கப்படுவது நம் பெண்பிள்ளைகளே.

மாதிரி கொடுக்கும் முன், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் இடத்தில், சில கேள்விகளைக் கேளுங்கள். மீதமாகும் மாதிரியை என்ன செய்வார்கள்? நம் விவரம் பெயரோடு சேமிக்கப்படுமா? ஆய்வுக்கோ வேறு நிறுவனத்துக்கோ கொடுக்கப்படுமா? வேண்டாம் என்றால் பின்னால் விலகிக்கொள்ள முடியுமா? நம் மாற்றத்தின் பொருள் பின்னாளில் மாறினால் நமக்குத் தெரிவிப்பார்களா? மருத்துவ ஆய்வு என்றால், வணிகப் பயன் உண்டா என்பதையும் கேட்கலாம். புரியாத படிவத்தில் கையெழுத்திட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துவிட்டு மறுநாள் கொடுக்கலாம்.

மரபணு யாருக்கும் தனிச் சொத்து ஆகாது என்பதை நிலைநாட்ட நான்கு ஆண்டுகள் நீதிமன்றத்தில் போராட வேண்டியிருந்தது. அந்தப் போராட்டத்தை முன்னெடுத்தவர்களில் நோயுற்ற சாதாரணப் பெண்களும் இருந்தார்கள். அவர்கள் பெற்றுத் தந்த உரிமையை, படிக்காமல் இடும் ஒரு கையெழுத்தில் நாம் விட்டுக்கொடுத்துவிடக் கூடாது.